உத்தரவாதத்தின் வரலாறு: புகையிரதப் பாதையிலிருந்து எரிவாயு முனையம் வரை

1

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டிருப்போன் எரிவாயு இறக்குமதி பற்றி எழுத முனைவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் ஒரு சமூகத்தின் எழுத்துக்களை ஆராய்வோர், அச்சமூகத்தின் வாழ்வை நிர்ணயிக்கும் எழுத்துக்களுள் கதையும் கவிதையும் ஒரு சிறு பகுதியே என்பதை மறத்தலாகாது. கடன் பத்திரமும் காணி உறுதியும் உடன்படிக்கையும் எழுத்துக்களே. அவற்றுக்கும் நடையுண்டு; அவற்றுக்குள்ளும் ஒரு வர்க்கத்தின் குரல் ஒலிக்கின்றது. வேறுபாடு ஒன்றுதான். நாவலை வாசிக்க விரும்புவோன் அதனை வாங்கி வாசிக்கலாம். ஒரு நாட்டின் மின்சாரத்தை இருபத்தைந்து ஆண்டுகளுக்குக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையை, அதற்குப் பணம் கட்டும் மக்கள் வாசிக்க முடிவதில்லை.

திரவமாக்கப்பட்ட இயற்கை வாயுவை இறக்குமதி செய்வதற்கான முனையங்கள் வளர்முக நாடுகளில் அமைக்கப்பட்ட வரலாற்றினை இக்கண்ணோட்டத்தில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள தாபோல் முனையம் இங்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகின்றது. தகேஜ், கொச்சி ஆகியனவும் பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகிய நாடுகளின் அனுபவங்களும் ஒப்புநோக்கிற்காக எடுத்தாளப்படுகின்றன. நம் நாட்டில் கெரவலப்பிட்டியைச் சுற்றி எழுந்த சர்ச்சையும் இறுதியில் நோக்கப்படும். முதலீட்டின் ஆபத்தை யார் சுமப்பது என்ற வினாவே இவையனைத்தையும் இணைக்கும் சரடாகும்.

2

முதலில் இப்பண்டத்தின் இயல்பை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். இயற்கை வாயுவை ஏறத்தாழ சுழியத்துக்குக் கீழ் 162 பாகை செல்சியசுக்குக் குளிரவைத்தால் அது திரவமாகின்றது. அதன் கனவளவு அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்குகின்றது. கிணற்றடியிலிருந்து குழாய் வழியே மட்டும் செல்லக்கூடியதாயிருந்த பண்டம் இவ்வாறு கப்பலேறக் கூடியதாயிற்று. 1959ஆம் ஆண்டிலே ‘மீதேன் பயனியர்’ என்னும் கப்பல் ஐக்கிய அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து இங்கிலாந்தின் கன்வே தீவுக்கு முதற் சரக்கைக் கொண்டு சென்றது. 1964இல் அல்ஜீரியாவிலிருந்து ஒழுங்கான வாணிபம் தொடங்கிற்று. 1969இல் அலாஸ்காவிலிருந்து யப்பானுக்கு வாயு சென்றது. அதன்பின் நீண்ட காலம் யப்பானும், பின்னர் தென்கொரியாவும் தாய்வானுமே ஆசியாவின் பெருங்கொள்வனவாளர்களாக விளங்கின.

இவ்வாணிபத்தில் ஒரு சங்கிலி உண்டு. கிணறு, திரவமாக்கும் ஆலை, விசேட கப்பல், இறக்குமதி முனையம், மீண்டும் வாயுவாக்கும் இயந்திரம், குழாய்வழி, இறுதியில் மின்நிலையமோ உரத் தொழிற்சாலையோ என்பன அதன் கண்ணிகள். ஒரு கண்ணி அறுந்தாலும் ஏனையவற்றில் முடங்கிய மூலதனம் பயனற்றுப் போகும். ஆதலால் இதில் முதலிடுவோர் தொடக்கத்திலிருந்தே நீண்டகால உடன்படிக்கைகளைக் கோரினர். இருபது அல்லது இருபத்தைந்து ஆண்டுகளுக்குக் குறித்த அளவு வாயுவைக் கொள்வனவாளர் எடுத்தாலும் எடாவிட்டாலும் அதற்குரிய விலையைக் கொடுத்தேயாக வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கைகளின் உயிர்நாடியான விதியாகும்.

யப்பான் போன்ற செல்வந்த நாடு இவ்விதியை ஏற்பது ஒன்று. அங்கே பெருநகர் வாயுக் கம்பனியும் மின்சாரக் கம்பனியும் விலையைச் செலுத்தக்கூடிய நுகர்வோரை ஏற்கெனவே கொண்டிருந்தன. நாட்டின் ஏற்றுமதி அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்தது. வறிய நாடொன்றின் மின்சார சபை அதே விதியை ஏற்பது முற்றிலும் வேறொன்று. அங்கே எடுக்காத வாயுவுக்கான விலை இறுதியில் அரசின் திறைசேரியிலிருந்து, அதாவது வரியிறுக்கும் மக்களிடமிருந்து வருகின்றது. சட்ட வாசகம் ஒன்றேயாயினும் அது செயற்படும் சமூகத்துக்கேற்ப அதன் பொருள் மாறுபடுகின்றது.

3

இத்தகைய ஏற்பாடு தெற்காசியாவுக்குப் புதியதன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. 1849ஆம் ஆண்டிலே கிழக்கிந்தியக் கம்பனி, இந்தியாவில் புகையிரதப் பாதை அமைக்க முன்வந்த இரு பிரித்தானியக் கம்பனிகளுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அவற்றின் மூலதனத்துக்கு ஆண்டுக்கு ஐந்து வீத வருவாய் உறுதி செய்யப்பட்டது. பாதைக்கான நிலம் இலவசமாக வழங்கப்பட்டது. வருமானம் ஐந்து வீதத்துக்குக் குறையுமாயின் அக்குறை இந்திய வருவாயிலிருந்து ஈடுசெய்யப்பட வேண்டும். லண்டனிலே பங்கு வாங்கிய ஓய்வூதியக்காரனுக்கு ஆபத்து எதுவுமில்லை. வங்காளத்திலோ பம்பாய் மாகாணத்திலோ நிலவரி செலுத்திய விவசாயி, தான் ஒருபோதும் ஏறியிராத புகையிரதத்தின் நட்டத்தைச் சுமந்தான்.

இவ்வேற்பாட்டின் உள்ளார்ந்த விளைவொன்று அக்காலத்திலேயே கண்டனத்துக்குள்ளாயிற்று. செலவு கூடினும் குறையினும் வருவாய் நிச்சயம் என்ற நிலையில், சிக்கனமாகக் கட்டுவதற்கான தூண்டுதல் கம்பனிகளுக்கு இருக்கவில்லை. 1869 அளவில் அரசாங்கமே இம்முறையைக் கைவிட்டுப் புதிய பாதைகளைத் தானே நேரடியாக அமைக்கத் தலைப்பட்டது. பின்னர் தாதாபாய் நௌரோஜி முதலியோர் இந்தியச் செல்வத்தின் வெளியேற்றம் பற்றி எழுதியபோது இவ்வுத்தரவாதக் கொடுப்பனவுகளும் அவ்வாதத்தில் இடம்பெற்றன.

1853ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதற் பயணிகள் புகையிரதம் ஓடிற்று. அதே ஆண்டிலே கார்ல் மார்க்ஸ் நியூயோர்க் பத்திரிகையொன்றுக்கு எழுதிய கட்டுரைகளில், புகையிரதம் இந்தியாவில் நவீன தொழில்துறைக்கு வழிதிறக்கும் என எதிர்வுகூறினார். அதே வேளையில், அதன் பலனை இந்திய மக்கள் அனுபவிப்பது ஆட்சியதிகாரம் யார் கையில் உள்ளது என்பதைப் பொறுத்ததே என்றும் வரையறை செய்தார். இவ்விரண்டாம் பகுதியை விடுத்து முதற் பகுதியை மட்டும் மேற்கோள் காட்டுவோர் பலர். உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியை வரவேற்பதும் அவ்வளர்ச்சியின் நிபந்தனைகளை விசாரிப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. எரிவாயு முனையம் பற்றிய ஆய்வுக்கும் இதுவே தக்க தொடக்கப் புள்ளி.

4

1991இல் இந்தியா கடுமையான அந்நியச் செலாவணி நெருக்கடியைச் சந்தித்தது. அதனைத் தொடர்ந்து மேற்கொள்ளப்பட்ட தாராளமயமாக்கல் மின்னுற்பத்தித் துறையை அந்நிய மூலதனத்துக்குத் திறந்துவிட்டது. 1992 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் என்ரோன் கம்பனி, மகாராஷ்டிர மாநில மின்சார சபையுடன் புரிந்துணர்வு ஆவணமொன்றில் கைச்சாத்திட்டது. போட்டிக் கேள்விப்பத்திரம் எதுவும் கோரப்படவில்லை. ரத்தினகிரி மாவட்டத்தில், கொங்கணக் கரையில் தாபோல் என்னுமிடத்தில் இரண்டாயிரம் மெகாவாற்றுக்கு மேற்பட்ட மின்நிலையமும் அதற்கு வாயு வழங்கும் இறக்குமதி முனையமும் அமைப்பது திட்டம். தாபோல் மின்சாரக் கம்பனியில் என்ரோனுக்கு எண்பது வீதமும், ஜெனரல் எலெக்ட்ரிக், பெக்டெல் ஆகியவற்றுக்குத் தலா பத்து வீதமும் பங்குகள் இருந்தன. மொத்தச் செலவு ஏறத்தாழ மூன்று பில்லியன் டொலர்.

1993இல் உலக வங்கியிடம் கடனுதவி நாடப்பட்டபோது அது மறுத்துவிட்டது. இறக்குமதி வாயுவில் இயங்கும் இத்துணைப் பெரிய நிலையம் மகாராஷ்டிரத்தின் தேவைக்குப் பொருந்தாது. மலிவான நிலக்கரி மின்சாரத்தை அது இடம்பெயர்க்கும். ஆதலின் பொருளாதார ரீதியில் நியாயப்படுத்தற்கில்லை என்பது வங்கியின் மதிப்பீடு. தாராளமயமாக்கலின் தலையாய பிரசாரகனான நிறுவனமே இவ்வாறு கூறியமை குறிப்பிடத்தக்கது. எனினும் 1993 டிசம்பரில் மின்கொள்வனவு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. மின்சாரக் கட்டணம் டொலர் பெறுமதியுடன் பிணைக்கப்பட்டது. சபை மின்சாரத்தைப் பெற்றாலும் பெறாவிட்டாலும் நிலையத்தின் கொள்திறனுக்கான கட்டணத்தைச் செலுத்த வேண்டியிருந்தது. சபை தவறினால் மாநில அரசு செலுத்தும் என்ற உத்தரவாதமும், மாநில அரசு தவறினால் மத்திய அரசு செலுத்தும் என்ற எதிர்உத்தரவாதமும் அடுத்தடுத்து வழங்கப்பட்டன. நாணய மாற்றின் ஆபத்து, எரிபொருள் விலையின் ஆபத்து, கேள்வி குறைவதன் ஆபத்து என ஒரு முதலாளி சுமக்க வேண்டிய ஆபத்துக்கள் ஒவ்வொன்றாக மக்களின் தோளுக்கு மாற்றப்பட்டன. 1849இன் ஐந்து வீதத்தை நினைவுகூராது இவ்வுடன்படிக்கையை வாசித்தல் இயலாது.

1995இல் ஆட்சிக்கு வந்த சிவசேனா, பாரதிய ஜனதாக் கட்சி ஆகியவற்றின் கூட்டணி, அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் திட்டத்தை இரத்துச் செய்தது. தேர்தல் மேடையில் தேசியப் பெருமிதத்தின் சின்னமாக என்ரோன் எதிர்ப்பு பயன்பட்டது. ஆனால் சில மாதங்களுள் அதே அரசாங்கம் மறுபேச்சுவார்த்தை நடத்தித் திட்டத்தை முன்னிலும் பெரிதாக ஏற்றுக்கொண்டது. 1996 மே மாதத்தில், பதின்மூன்று நாட்களே நீடித்த வாஜ்பாய் அரசாங்கம் தன் இறுதி வேளையில் மத்திய அரசின் எதிர்உத்தரவாதத்தைப் புதுப்பித்தது. தேசிய முதலாளித்துவத்தின் இருமுகத் தன்மைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இந்தியத் தொழிற்சங்க மையம் இவ்வுடன்படிக்கையை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. அம்மனு அவ்வாண்டின் இறுதியில் தள்ளுபடியாயிற்று.

வரலாற்றின் மறுபக்கம் கொங்கணக் கரையின் கிராமங்களில் எழுதப்பட்டது. வேல்தூர், அஞ்சன்வேல், ராணவி முதலிய ஊர்களின் மீனவரும் மாந்தோட்ட விவசாயிகளும் நிலம், நீர், மீன்பிடி ஆகியன பறிபோகும் என அஞ்சினர். 1997இல் அவர்தம் போராட்டம் வலுப்பெற்றது. மேதா பட்கரும் ஓய்வுபெற்ற நீதிபதி கோல்சே பாட்டீலும் கைதாயினர். 1997 ஜூன் 3ஆம் நாள் அதிகாலையில், ஆண்களிற் பலர் கடலுக்குச் சென்றிருந்த வேளையில், பொலிசார் வேல்தூர் மீனவக் குடியிருப்பினுட் புகுந்து பெண்களை வீடுகளிலிருந்து இழுத்துச் சென்று கைது செய்தனர். சர்வதேச மன்னிப்புச் சபை அதே ஆண்டிலும், மனித உரிமைகள் கண்காணிப்பகம் 1999இலும் இந்நிகழ்வுகளை அறிக்கையாக வெளியிட்டன. நிலையத்தைக் காவல் செய்த அரச பொலிசாருக்கான செலவைக் கம்பனியே செலுத்தியது என்பது பின்னைய அறிக்கை சுட்டிக்காட்டிய உண்மை. அரசு இயந்திரம் ஆளும் வர்க்கத்தின் கருவி என்பதை நூல்களிற் கற்கும் மாணவர்க்கு, அதன் கணக்கேட்டுப் பதிவே இங்கு கிடைக்கின்றது.

1999 மே மாதத்தில் முதற்கட்ட நிலையம் நாப்தாவைக் கொண்டு இயங்கத் தொடங்கிற்று. எரிபொருள் விலை ஏறியது. ரூபாயின் பெறுமதி வீழ்ந்தது. கட்டணமும் அவற்றோடு உயர்ந்தது. தாபோலின் மின்சாரத்தை எடுப்பதற்காகச் சபை தன் சொந்த மலிவான நிலையங்களின் உற்பத்தியைக் குறைக்க வேண்டிய விபரீதம் நேர்ந்தது. 2001இன் தொடக்கத்தில் சபை கொடுப்பனவுகளை நிறுத்தியதும் கம்பனி அரசுகளின் உத்தரவாதங்களை நிறைவேற்றக் கோரியது. அவ்வாண்டில் மாதவ் கோட்போலே தலைமையிலான குழு உடன்படிக்கையின் குறைபாடுகளை விரிவாக அம்பலப்படுத்திற்று. மே மாதத்தில் நிலையம் நின்றது. இரண்டாங் கட்டமும் எரிவாயு முனையமும் பெருமளவு முடிந்த நிலையிற் கைவிடப்பட்டன. டிசம்பர் 2ஆம் நாள் என்ரோன் கம்பனியே அமெரிக்காவில் வங்குரோத்தாயிற்று.

2005இல் இந்திய அரசுத்துறை நிறுவனங்கள் இச்சொத்தைப் பொறுப்பேற்றன. 2013இல்தான் முனையம் முதன்முறையாக இயங்கத் தொடங்கியது. அப்போதும் அலைதடுப்புச் சுவர் முற்றுப்பெறாமையால், நீண்டகாலம் மழைக்காலங்களில் அங்கு கப்பல்கள் வர முடியவில்லை. ஆண்டுக்கு ஐந்து மில்லியன் தொன் கொள்ளளவுள்ள முனையம் ஆண்டின் மூன்றிலொரு பகுதிக்கு மூடிக்கிடந்தது. தென்மேற்குப் பருவக்காற்று எப்போது எழும் என்பது வேல்தூர் மீனவச் சிறுவனுக்கும் தெரிந்த செய்தி. இன்னுமொரு முரணையும் குறிப்பிடலாம். 2015இன் இறுதியில் தாபோல் நிலையம் மீண்டும் இயக்கப்பட்டபோது அதன் மின்சாரத்தைப் பெற்றுக்கொண்டது இந்தியப் புகையிரதத் துறையாகும். 1849இன் உத்தரவாதத்தில் பிறந்த பாதை, 1993இன் உத்தரவாதத்தில் பிறந்த நிலையத்துக்குக் கைகொடுத்தது.

5

தாபோலைக் கொண்டு எல்லா முனையங்களையும் மதிப்பிடுதல் தவறாகும். குஜராத்தின் தகேஜ் முனையம் வேறொரு வரலாற்றைக் கூறுகின்றது. 1998இல் நான்கு அரசுத்துறை எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் கூட்டாகப் பெற்றோநெற் என்னும் கம்பனியை உருவாக்கின. 1999இல் கட்டாரின் ராஸ்காஸ் நிறுவனத்துடன் ஆண்டுக்கு ஏழரை மில்லியன் தொன் வாயுவுக்கு இருபத்தைந்தாண்டு உடன்படிக்கை ஏற்பட்டது. 2004 ஜனவரியில் முதற் கப்பல் தகேஜை அடைந்தது. முதல் ஐந்தாண்டுகளுக்கு விலை மில்லியன் பிரித்தானிய வெப்ப அலகுக்கு ஏற்றுமதித் துறைமுகத்தில் 2.53 டொலராக நிலைநிறுத்தப்பட்டிருந்தது. ஐந்து மில்லியன் தொன்னில் தொடங்கிய முனையம் 2019 அளவில் 17.5 மில்லியன் தொன்னாக வளர்ந்தது.

இவ்வெற்றியின் காரணம் யாது? நிர்வாகத் திறமை எனச் சிலர் விடை கூறுவர். அதனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது போதுமான விடையன்று. தகேஜ் அமைக்கப்படுமுன்னரே 1980களில் இந்திய அரசு ஹசீராவிலிருந்து வட இந்தியாவுக்கு நீண்ட குழாய்வழியை அமைத்திருந்தது. அதன் வழிநெடுக உரத் தொழிற்சாலைகளும் மின்நிலையங்களும் வாயுவுக்குக் காத்திருந்தன. அதாவது சங்கிலியின் இறுதிக் கண்ணி, திட்டமிடலின் காலத்திலே பொது மூலதனத்தாற் செய்யப்பட்டிருந்தது. தாராளமயமாக்கலின் காட்சிப்பொருளாகப் போற்றப்படும் முனையம் உண்மையில் அதற்கு முந்திய அரச முதலீட்டின் மீது நிற்கின்றது.

கொச்சி இதனை மறுதலையாக நிரூபிக்கின்றது. அதே கம்பனி, அதே தொழில்நுட்பம், ஐந்து மில்லியன் தொன் கொள்ளளவு. 2013இல் முனையம் தயாராயிற்று. ஆனால் வாயுவை எடுத்துச் செல்லக் குழாய் இல்லை. மங்களூருக்கான குழாய்வழி 2021 ஜனவரியிலேயே திறந்துவைக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் முனையம் தன் கொள்ளளவின் மிகச் சிறு பகுதியையே பயன்படுத்தியது. பெங்களூரை நோக்கிய கிளை, தமிழ்நாட்டின் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களின் விளைநிலங்களை ஊடறுக்க வேண்டியிருந்தது. கொங்குநாட்டு விவசாயிகள் எதிர்த்தனர். நெடுஞ்சாலை ஓரமாகக் குழாயைப் பதிக்குமாறு 2013இல் தமிழ்நாட்டு அரசு கோரியது. 2016 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அக்கோரிக்கையை நிராகரித்தது.

இப்போராட்டத்தை வளர்ச்சிக்கு எதிரான பிற்போக்கு எனக் கொள்வது எளிது. ஆயின் சட்டத்தின்படி குழாய் செல்லும் நிலம் உழவனுக்கே சொந்தமாக இருக்கும். அதன்மேல் வீடு கட்டவோ ஆழ வேரூன்றும் மரம் நடவோ மட்டும் அவனுக்கு உரிமையில்லை. தென்னையே வாழ்வாதாரமான நிலத்தில் தென்னை நட முடியாத உடைமை எத்தகைய உடைமை? நிலத்தைப் பறிக்காமலே நிலத்தின் பயனைப் பறிக்கும் இப்புதிய உறவு விரிவான ஆய்வை வேண்டி நிற்கின்றது.

பேரம்பேசும் வலிமை பற்றியும் ஒன்று கூற வேண்டும். 2015இல் சந்தை விலை வீழ்ச்சியுற்றபோது, நீண்டகாலச் சராசரி எண்ணெய் விலையோடு பிணைக்கப்பட்டிருந்த கட்டார் வாயு சந்தை விலையிலும் ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. பெற்றோநெற் ஒப்புக்கொண்ட அளவினும் குறைவாகவே வாயுவை எடுத்தது. உடன்படிக்கையின்படி பெருந்தொகை தண்டமாகச் செலுத்த வேண்டியிருந்தும், ஆண்டிறுதியில் கட்டார் அதனைக் கைவிட்டு விலைச் சூத்திரத்தையும் மாற்றிக்கொண்டது. எடாவிட்டாலும் விலைகொடு என்ற விதி கல்லில் எழுதப்பட்டதன்று. வாங்குவோனின் சந்தை பெரிதாயின் அது வளையும். சிறிய நாட்டுக்கு அது வளைவதில்லை.

6

2000களின் பிற்பகுதியில் இவ்வாணிபத்தில் ஒரு தொழில்நுட்ப மாற்றம் நிகழ்ந்தது. கரையிலே பெருந்தாங்கிகளைக் கட்டுவதற்குப் பதிலாக, வாயுவைச் சேமித்து மீள வாயுவாக்கும் மிதக்கும் கப்பலை வாடகைக்கு அமர்த்தும் முறை பரவிற்று. ஆர்ஜென்ரீனா 2008இலும் பிரேசில் அதனையடுத்தும் இதனைக் கையாண்டன. ஐந்தாறு ஆண்டுகளிற் கட்ட வேண்டியதை ஓரிரு ஆண்டுகளில் அமைக்கலாம். தொடக்கச் செலவும் குறைவு. வறிய நாடுகளுக்கு ஏற்ற வழி இதுவே என நிதி நிறுவனங்கள் எடுத்துரைத்தன.

பாகிஸ்தான் 2015 மார்ச்சு மாதத்தில் கராச்சியின் காசிம் துறைமுகத்தில் முதலாவது மிதக்கும் முனையத்தைத் தொடங்கிற்று. 2017இல் இரண்டாவது வந்தது. 2016இல் கட்டாருடன் செய்த பதினைந்தாண்டு உடன்படிக்கையில் வாயு விலை பிரெண்ட் எண்ணெய் விலையின் 13.37 வீதமாக நிர்ணயிக்கப்பட்டது. ஐந்தாண்டின் பின் அதே கட்டாருடன் செய்த மற்றோர் உடன்படிக்கையில் அது 10.2 வீதமாயிற்று. பங்களாதேஷில் மொகேஷ்காலித் தீவுக்கு அண்மையில் 2018 ஏப்ரலில் வந்துசேர்ந்த கப்பல், சீரற்ற கடலாலும் பிற தடங்கல்களாலும் ஓகஸ்டிலேயே வாயு வழங்கத் தொடங்கியது. 2024 மே மாதத்து ரேமல் சூறாவளியில் அங்குள்ள இரண்டாவது கப்பல் சேதமுற்று மாதக்கணக்கிற் செயலிழந்தது. மிதப்பது விரைவில் வரும். விரைவில் நிற்கவும் கூடும்.

ஆயினும் பெருஞ்சோதனை கடலிலிருந்து வரவில்லை, சந்தையிலிருந்து வந்தது. 2020இன் நடுப்பகுதியில் ஆசியாவின் உடனடிச் சந்தையில் மில்லியன் வெப்ப அலகு இரண்டு டொலருக்கும் கீழே விற்கப்பட்டது. அம்மலிவை நம்பி நீண்டகால உடன்படிக்கைகளைத் தவிர்ப்பதே விவேகம் என அப்போது அறிவுரை கூறப்பட்டது. 2022 பெப்ரவரியில் உக்ரேனில் ரஷ்யா போர் தொடுத்தபின் ஐரோப்பா குழாய்வழி வாயுவை இழந்து கடல்வழி வாயுவை நாடிற்று. ஓகஸ்டு மாதத்தில் விலை எழுபது டொலர் அளவினை எட்டியது. அதுவரை ஒரு முனையமேனும் இல்லாதிருந்த ஜேர்மனி, பத்து மாதங்களுள் வில்ஹெல்ம்ஸ்ஹாவனில் மிதக்கும் முனையமொன்றைத் திறந்தது. அதே 2022 ஜூலையில் பாகிஸ்தான் பத்துக் கப்பல் வாயுவுக்குக் கேள்விப்பத்திரம் கோரியபோது விற்க முன்வந்தோர் ஒருவரும் இலர். பங்களாதேஷ் உடனடிச் சந்தைக் கொள்வனவை அம்மாதமே நிறுத்திக்கொண்டு, நாடளாவிய மின்வெட்டை அட்டவணைப்படுத்தி நடைமுறைப்படுத்தியது.

டாக்காவின் ஆடைத் தொழிற்சாலையில் இயந்திரம் நின்றதற்கும் பெர்லினில் வீடு வெப்பமானதற்கும் இடையே ஒரு கப்பலின் திசைமாற்றம் இருந்தது. நீண்டகால உடன்படிக்கையை ஏற்றால் டொலர்க் கடப்பாடு. ஏற்காவிட்டால் சந்தையின் சூதாட்டம். இவ்விரண்டுக்குமிடையே சிறிய நாடு அகப்பட்டுக்கொள்கின்றது. தெரிவுச் சுதந்திரம் எனப்படுவது கொள்வனவுச் சக்தியின் மறுபெயரே என்பதை 2022 ஐயமின்றி உணர்த்திற்று.

7

இவ்வனுபவங்களின் பின்னணியில் நம் நாட்டை நோக்குவோம். கொழும்புக்கு வடக்கே கெரவலப்பிட்டியில் எண்ணெயில் இயங்கும் யுகதனவி மின்நிலையத்தை வாயுவுக்கு மாற்றுவது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வந்தது. 2021 செப்டெம்பர் 17ஆம் நாள், அமெரிக்காவின் நியூ போர்ட்ரெஸ் எனெர்ஜி கம்பனியுடன் அரசாங்கம் உடன்படிக்கை செய்துகொண்டது. மின்நிலையத்தை உடைமையாகக் கொண்ட கம்பனியில் அரசுக்கிருந்த பங்கில் நாற்பது வீதப் பங்குரிமையை வழங்குதல், கரைக்கப்பால் மிதக்கும் முனையம் அமைத்தல், வாயு வழங்குதல் ஆகியன அதன் அம்சங்கள். ஆட்சிக் கூட்டணியைச் சேர்ந்த மூன்று அமைச்சர்களே அதனைப் பகிரங்கமாக எதிர்த்தனர். மின்சார சபைத் தொழிற்சங்கங்கள் போராட்டத்தில் இறங்கின. நள்ளிரவிற் கைச்சாத்தாயிற்று என்ற குற்றச்சாட்டு செய்தித்தாள்களில் அடிபட்டது. கைச்சாத்து நள்ளிரவிலா நண்பகலிலா என்பது முக்கியமன்று. உடன்படிக்கையின் வாசகம் மக்கள் முன் வைக்கப்படாமையே சர்ச்சையின் சாரமாகும்.

2022 ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்தியது. அதற்குச் சற்று முன்னர், மார்ச்சு மாத இறுதியில், ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டை மக்கள் அனுபவித்தனர். முனையம் அமையவில்லை. எடாவிட்டாலும் விலைகொடு என்ற வகையான டொலர்க் கடப்பாடொன்று அவ்வேளையில் நடைமுறையில் இருந்திருப்பின், மருந்துக்கும் மாவுக்கும் செலாவணியின்றித் தவித்த திறைசேரி அதனையும் சுமக்க வேண்டியிருந்திருக்கும். அதே வேளையில் எண்ணெயும் நிலக்கரியும் டொலரிலேயே வாங்கப்படுகின்றன என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ளல் வேண்டும். வாயுவை மறுப்பதனால் மட்டும் தங்கியிருத்தல் ஒழிந்துவிடாது. எண்ணெய் எரிப்பதிலும் வாயு எரிப்பது காற்றுக்குத் தீங்கு குறைந்தது என்ற வாதத்தையும் ஒதுக்குதல் கூடாது. கசியும் மீதேன் அந்நன்மையைக் கரைக்கக்கூடும் என்பதையும் உடன் சேர்த்தே கணக்கிட வேண்டும். 2011இல் மன்னார்க் கடற்படுகையில் வாயு கண்டறியப்பட்டு, இன்னும் அது அடியிலேயே கிடக்கின்றது என்பதும் இக்கணக்கில் இடம்பெற வேண்டிய செய்தி.

8

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைத் தொகுத்துரைக்கலாம். முதலாவது, முனையம் என்பது வெறும் பொறியியற் படைப்பன்று. ஆபத்தை ஒரு வர்க்கத்திடமிருந்து மற்றொரு வர்க்கத்துக்கு மாற்றும் சமூக உறவின் வடிவமுமாகும். 1849இன் புகையிரத உத்தரவாதமும் 1993இன் மின்கொள்வனவு உடன்படிக்கையும் இவ்வகையில் ஒரே மரபைச் சார்ந்தன. இரண்டாவது, இறக்குமதி முனையம் எங்கு வெற்றி பெற்றதோ அங்கு அதற்கு முன்னரே பொது முதலீடு அடித்தளம் இட்டிருந்தது. தகேஜும் கொச்சியும் இதனை நேர்முகமாகவும் எதிர்முகமாகவும் காட்டுகின்றன. மூன்றாவது, சிறிய நாடுகள் தனித்தனியே பேரம் பேசும்வரை நீண்டகால உடன்படிக்கையும் உடனடிச் சந்தையும் அவற்றுக்கு ஒருசேரப் பாதகமாகவே அமையும். தெற்காசிய நாடுகள் கூட்டாகக் கொள்வனவு செய்தல் இயலாததா என்பது அரசியல் விருப்பு பற்றிய வினாவே.

நான்காவது முடிவு இக்கட்டுரையின் தொடக்கத்துக்கு நம்மை மீளக் கொண்டு செல்கின்றது. தாபோலின் உடன்படிக்கை காலத்தில் வெளிப்படுத்தப்பட்டு, கோட்போலே குழு 2001இற் கூறியதை யாரேனும் 1993இற் கூற முடிந்திருப்பின், மகாராஷ்டிர மக்கள் கொடுத்த விலை வேறாக இருந்திருக்கும். வேல்தூர்ப் பெண்களுக்கு அவ்வாவணத்தின் வாசகம் தெரியாது. ஆயினும் தம் கடற்கரையைப் பற்றி அவர்கள் செய்த வாசிப்பு, அதற்குக் கைச்சாத்திட்ட நிபுணர்களின் வாசிப்பிலும் சரியாக இருந்தது என வரலாறு நிறுவியிருக்கின்றது.

எழுத்தறிவை மக்களுக்குரியதாக்குவது முற்போக்கு இயக்கத்தின் பழைய குறிக்கோள்களுள் ஒன்று. அது பாடநூலோடும் பத்திரிகையோடும் நின்றுவிடலாகாது. அடுத்த முனையத்தின் உடன்படிக்கை மேசைக்கு வரும் நாளில், அதனைத் தமிழிலும் சிங்களத்திலும் முழுமையாக வெளியிட வேண்டும் எனக் கோருவதும், அதனை வரிவரியாக வாசித்து விளக்கக்கூடிய ஆய்வாளரை உருவாக்குவதும் பல்கலைக்கழகங்களின் கடமையாகும். பொருளியலாளரும் பொறியியலாளரும் மட்டுமல்லாது, சொல்லின் பொருளை ஆராயப் பயின்றோரும் அப்பணியில் பங்குகொள்ள வேண்டும்.